நீலப் புள்ளியை நம்பலாம், நீலக் கோடு எப்படி? வேலூர்ப் பக்கத்துக்கு எந்த மேப் செயலி சரிப்படும்

"மேப் ஏமாத்திடுச்சு" என்று சொல்கிறவர்களைக் குடைந்து கேட்டால், பெரும்பாலும் ஜி.பி.எஸ். மேல் குற்றம் இருக்காது. திரையில் இரண்டு நீலம் உண்டு. ஒன்று நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் புள்ளி, இன்னொன்று போகச் சொல்லும் கோடு. புள்ளி செயற்கைக்கோள்களிலிருந்து வருகிறது. திறந்த வெளியில் நல்ல போன் என்றால் சுமார் 5 மீட்டருக்குள் சரியாகவே காட்டும். கோடோ, யாரோ வரைந்த வரைபடத்தையும் அதன் மேல் ஓடும் ஒரு கணக்கையும் நம்பி வருகிறது. ஒரே போனில் 5 செயலி போட்டாலும் புள்ளி மாறாது, போன் கொடுக்கும் இடத்தைத்தான் எல்லாம் வாங்கிக்கொள்கின்றன. செயலிக்குச் செயலி மாறுவது கோடும், நீங்கள் தட்டிய பெயரை அது புரிந்துகொள்ளும் விதமும்தான். ஆகவே "எது துல்லியம்?" என்று கேட்பதைவிட "எது எங்கே தவறும்?" என்று கேட்பதுதான் வேலைக்கு ஆகும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வேலூர், காட்பாடி, ஆற்காடு, ஆம்பூர் ஊர்களுக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் கூகுள் மேப்ஸ். மலைக்கும் சிக்னல் இல்லாத கிராமத்துக்கும் ஆர்கானிக் மேப்ஸ். நெடுஞ்சாலையில் எந்தப் பிரிவில் இறங்குவது என்று குழம்புகிறவர்களுக்கு மேப்பிள்ஸ். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் கூகுள்தான், ஆனால் நெட் இல்லாமலும் ஓடும் ஆஃப்லைன் மேப்பை இறக்கி வைத்த பிறகு.

முதல் தவறு தேடல் பெட்டியில்

வேலூரில் ஒரு சைதாப்பேட்டை இருக்கிறது. தேடல் பெட்டியில் வெறுமனே அப்படித் தட்டினால் சென்னை சைதாப்பேட்டை முன்னால் வந்து நிற்க வாய்ப்பு அதிகம். ஆற்காடு ரோடும் அப்படியே: கோடம்பாக்கம், வடபழனி வழியாகப் போகும் சென்னை ஆற்காடு ரோடு ஒன்று, சிஎம்சி மருத்துவமனை வாசலில் ஓடும் நம்மூர் ஆற்காடு ரோடு இன்னொன்று. நம்முடையதற்கு ஐடா ஸ்கடர் ரோடு என்ற பெயரும் உண்டு, அந்தப் பெயரில் தேடினால் குழப்பம் குறையும். காந்தி நகர் எத்தனை என்று எண்ணவே வேண்டாம். காட்பாடி காந்தி நகர் வேண்டுமானால் காட்பாடியையும் சேர்த்துத் தட்டுங்கள்.

சிஎம்சிக்கு வருகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் காட்பாடியில் இறங்கி, ஆட்டோவில் ஏறி, போனில் "சிஎம்சி" என்று மட்டும் தட்டுவார்கள். பழைய பஸ் ஸ்டாண்டு அருகே உள்ள பெரிய மருத்துவமனை, ஆரணி ரோட்டில் கண் மருத்துவமனை, பாகாயத்தில் மருத்துவக் கல்லூரி, நெடுஞ்சாலையோரம் ராணிப்பேட்டை வளாகம் என்று நான்கும் சிஎம்சிதான். விபத்து சிகிச்சைப் பிரிவு இப்போது இருப்பது ராணிப்பேட்டை வளாகத்தில். அப்பாயின்ட்மென்ட் தாளில் எந்த வளாகம் என்று அச்சிட்டிருக்கும். அந்தப் பெயரையும் சேர்த்துத் தட்டுவது அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தும். போதாததற்கு, "சிஎம்சி அருகில்" என்பதைப் பெயரிலேயே ஒட்டிக்கொண்ட லாட்ஜுகள் வேறு தேடல் முடிவுகளில் வரிசை கட்டும். அருகில் என்றால் எவ்வளவு அருகில் என்பதை நடைவழித் தூரம் போட்டுப் பார்த்துவிட்டு அறை எடுங்கள்.

மாவட்டப் பெயரும் கால் இடறும். 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமாகிவிட்டன. ஆனாலும் ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடிக் கடைகளின் முகவரியில் வேலூர் மாவட்டம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வைத்து வேலூர் நகரத்துக்குள் தேடாதீர்கள். ஊர்ப் பெயரையும் பின்கோடையும் மட்டும் நம்புங்கள்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் தனித் தொல்லை. குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, ஒடுகத்தூர் எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் புழக்கத்தில் உள்ளன. கூகுள் இதைச் சமாளிக்கிறது, தமிழில் தட்டினாலும் எடுக்கிறது. ஆர்கானிக் மேப்ஸ் எழுத்து மாறினால் முகம் திருப்பிக்கொள்ளும் வகை, ஏனென்றால் அதன் தேடல் போனுக்குள்ளேயே நடக்கிறது. அங்கே பெயரைத் தேடுவதைவிட மேப்பை நகர்த்தி விரலை அழுத்திப் பிடிப்பது விரைவு.

பின் விழும் இடம்

பெயர் சரியாகக் கிடைத்தாலும் அடுத்த பொறி காத்திருக்கிறது. செயலி உங்களைக் கொண்டுபோய் விடுவது பின் (மேப்பில் இடத்தைக் குறிக்கும் அடையாளம்) இருக்கும் இடத்துக்கு அல்ல, அந்தப் பின்னுக்கு மிக அருகில் உள்ள சாலைக்கு. சின்ன வீடு என்றால் இரண்டும் ஒன்றுதான். பெரிய வளாகத்தின் நடுவில் பின் இருந்தால், பின்பக்கத் தெரு சுவருக்கு அருகில் ஓடினால், அங்கே கொண்டுபோய் நிறுத்தி "சேர்ந்துவிட்டீர்கள்" என்று சொல்லும். எதிரே காம்பவுண்டுச் சுவர்தான் இருக்கும். விஐடி, பாகாயம் வளாகம், ஸ்ரீபுரம் பொற்கோயில், அகழி சூழ்ந்த கோட்டை எல்லாம் இந்த வகை இடங்கள். இவற்றுக்குப் போகும்போது நிறுவனத்தின் பெயரைத் தேடாமல் கேட்டைத் தேடுங்கள். கேட் பெயர் வரவில்லை என்றால், சாட்டிலைட் படத்துக்கு மாற்றி, வாசல் முன்னால் உள்ள சாலையில் விரலை அழுத்திப் பிடித்து அந்தப் புள்ளிக்கே வழி கேளுங்கள்.

கல்யாணப் பத்திரிகையில் க்யூஆர் அச்சிடுகிறவர்களும் இதையே கவனிக்க வேண்டும். மண்டபத்தின் வாகன வாசலில் நின்று, புள்ளி நிலைத்த பிறகு எடுத்த பின்னைத்தான் க்யூஆராக மாற்ற வேண்டும். வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பும்போது எத்தனை மீட்டர் துல்லியம் என்று கீழே ஒரு எண் வரும். திறந்தவுடன் அது பெரிதாக இருக்கும். வெட்டவெளிக்கு வந்து அரை நிமிஷம் பொறுத்தால் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். அதற்குப் பிறகு அனுப்புங்கள்.

எண்ணாக அனுப்பினால் இன்னொரு எச்சரிக்கை. வேலூர் சுமார் 12.92, 79.13. முதல் எண் 12 அல்லது 13, இரண்டாவது 78 அல்லது 79 என்று தொடங்காவிட்டால் அது நம் பக்கமே இல்லை. பாகை, நிமிஷக் கணக்கைப் புள்ளி வைத்து எழுதுவதுதான் வழக்கமான பிழை. 12 பாகை 55 நிமிஷத்தை 12.55 என்று தட்டினால் சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே போய் நிற்பீர்கள். சரியான எண் 12.9167. புள்ளிக்குப் பிறகு 5 இலக்கம் இருந்தால் ஒரு மீட்டர் அளவுக்குத் துல்லியம், 4 இருந்தால் 11 மீட்டர். அதற்கு மேல் இலக்கம் சேர்ப்பது வீண்.

தரைப்பாலம் மேப்புக்குத் தெரியாது

நம் பகுதியில் மிக ஆபத்தான தவறு இதுதான். பாலாறு ஆண்டில் பெரும்பாலான நாள் மணல். அதன் குறுக்கே உள்ள தரைப்பாலங்கள் எந்த மேப்பிலும் சாதாரணச் சாலைக் கோடாகத்தான் தெரியும். மழையில் தண்ணீர் மேலே ஓடினால் அந்தக் கோடு தானாக அழியாது. 2021 நவம்பர் வெள்ளத்தில் விரிஞ்சிபுரம், மாதனூர் பக்கத் தரைப்பாலங்கள் சேதமானதை ஊரே பார்த்தது. மேப்புக்கு அதை யாராவது சொன்னால்தான் உண்டு.

காரணம் எளிது. கூகுளின் நெரிசல் கணக்கு அந்தச் சாலையில் ஓடும் போன்களிலிருந்து வருகிறது. ஒரு நெடுஞ்சாலை திடீரென்று காலியானால் கணினி சுதாரிக்கும். நாளுக்குச் சில வண்டி மட்டுமே போகும் கிராமத்துச் சாலையில் யாரும் போகவில்லை என்றால், பாலம் அறுந்ததா, வெறுமனே ஆள் இல்லையா என்று அதற்குத் தெரிய வழியில்லை. 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தில் பரேலி அருகே பாதியில் நின்ற பாலத்திலிருந்து கார் விழுந்து 3 பேர் இறந்ததும், மேப் காட்டிய வழியில் போனபோதுதான். அந்தப் பாலத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே வெள்ளத்தில் போயிருந்தது.

இதற்கு எந்தச் செயலியும் மருந்தல்ல. ஐப்பசி, கார்த்திகையில் கோடு பாலாற்றையோ பொன்னையாற்றையோ கவுண்டன்ய மகாநதியையோ கடந்தால், கடக்கும் இடத்தைப் பெரிதாக்கிச் சாட்டிலைட் படத்தில் பாருங்கள். உயரமான பாலத்துக்குப் பக்கத்தில் நிழல் விழுந்திருக்கும். நிழலே இல்லாமல் மணலோடு ஒட்டிக் கிடந்தால் தரைப்பாலம். அப்போது செயலி 20 நிமிஷம் கூடுதல் என்று சொன்னாலும் பெரிய பாலத்து வழியாகச் சுற்றிப் போவதே சரி. வழி நடுவே ஒரு இடத்தைச் சேர்க்கும் வசதி கூகுளிலும் மேப்பிள்ஸிலும் உண்டு. பெரிய பாலத்தை அப்படிச் சேர்த்துவிட்டால் கோடு மறுபடி குறுக்கு வழிக்குத் தாவாது.

திருவிழாவும் இதே கதை. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு வைகாசி முதல் தேதி. அன்றைக்கு ஊருக்குள் எந்தத் தெரு அடைப்பு என்பது போலீஸ் தடுப்புக்குத்தான் தெரியும். நெரிசலைக் காட்டும் சிவப்புக் கோடு வருவதற்குள் நீங்கள் கூட்டத்துக்குள் இருப்பீர்கள்.

சர்வீஸ் ரோடும் கொண்டை ஊசியும்

புள்ளி சரியாக இருந்தும் செயலி தடுமாறும் இரண்டு இடங்கள் இவை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை, இன்றைய கணக்கில் என்.எச். 48, சத்துவாச்சாரி பக்கம் பிரதான சாலையும் சர்வீஸ் ரோடும் ஒட்டியே ஓடுகின்றன. இடைவெளி சில மீட்டர்தான், ஜி.பி.எஸ். பிசகும் கிட்டத்தட்ட அவ்வளவே. நீங்கள் எதில் போகிறீர்கள் என்று செயலி ஊகிக்கிறது, தப்பாக ஊகித்தால் இல்லாத இடத்தில் திரும்பச் சொல்லும். மேம்பாலமும் அதன் கீழ்ச் சாலையும் உள்ள இடத்தில் இன்னும் மோசம், ஏனென்றால் ஜி.பி.எஸ். உயரத்தைக் காட்டுவதில் பக்கவாட்டைவிடப் பலவீனம்.

மேப்பிள்ஸ் இங்கேதான் மார்க் வாங்குகிறது. 1995 முதல் இந்தியாவில் மேப் வேலை செய்துவரும் மேப்மைஇந்தியாவின் செயலி இது. பெரிய சந்திப்புகளில் எந்தத் தடம், எந்தப் பிரிவு என்பதை முப்பரிமாணப் படமாகக் காட்டுகிறது. வாலாஜா, பள்ளிகொண்டா, வாணியம்பாடி சுங்கச்சாவடிக் கட்டணத்தையும் முன்கூட்டியே சொல்கிறது, இதைக் கூகுளும் செய்கிறது. வேகத்தடை, கூர் வளைவு எச்சரிக்கையும் உண்டு. குறை என்றால், சின்னக் கடை, மெஸ், பெட்டிக்கடை அளவுக்கு இறங்கினால் கூகுளின் அடர்த்தி இதில் இல்லை. 6 எழுத்தில் ஒரு வீட்டு வாசலையே குறிக்கும் மேப்பிள்ஸ் பின் நல்ல யோசனைதான், ஆனால் அனுப்புகிறவர், வாங்குகிறவர் இருவரும் அதைப் பயன்படுத்தினால்தான் பயன்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் இன்னொரு வேடிக்கை. மேல் சாலையும் கீழ்ச் சாலையும் மேப்பில் அருகருகே இணையாக ஓடுவதால், புள்ளி திடீரென்று ஒரு வளைவு மேலே தாவி, "யூ டர்ன் எடுங்கள்" என்று குரல் வரும். கண்டுகொள்ளாதீர்கள். அடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து ஏறிவிட்டால் மலைக்கு ஒரே சாலைதான், குரலை அணைத்துவிட்டு ஹாரனில் கவனம் வையுங்கள்.

செயற்கைக்கோள்கள் அனுப்பும் எல்1 அலையோடு எல்5 அலையையும் பிடிக்கும் போன்களில் இந்தத் தாவல் குறையும். பாறையிலும் கட்டடத்திலும் பட்டு எதிரொலித்து வரும் சிக்னலை எல்5 நன்றாகப் பிரித்தறிகிறது. நம் நாட்டு நாவிக் செயற்கைக்கோள்களும் எல்5-ல் பேசுகின்றன. உங்கள் போனில் இது உண்டா என்று பார்க்க, ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற இலவசச் செயலியை வெட்டவெளியில் திறந்தால் போதும். அலைவரிசைப் பத்தியில் எல்5 தெரிய வேண்டும்.

கூகுளில் மாற்ற வேண்டியவை

2017 டிசம்பரில் வந்த இருசக்கர வாகன வழி நம் ஊர்களுக்கு நல்ல வசதி, ஆனால் காரில் போகும்போது அது தேர்வாகி இருந்தால் தொலைந்தீர்கள். கொசப்பேட்டை, சலவன்பேட்டை சந்துகளில் கொண்டுபோய்ச் செருகிவிடும். கார் அடையாளம் தேர்வாகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். கார் வழியிலும் குறுகிய தெரு வரத்தான் செய்யும். நாலு சக்கர வண்டிக்குக் குறுகிய சாலையைத் தவிர்க்கும் வசதியை 2024 ஜூலையில் 8 ஊர்களுக்கு அறிவித்தபோது தமிழ்நாட்டில் சென்னையும் கோவையும்தான் அதில் இருந்தன. 2 நிமிஷம் மிச்சம் என்று காட்டும் மாற்று வழியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். அந்த 2 நிமிஷம் மண்டித் தெருவில் ஒரு லாரி சரக்கு இறக்கினால் போயிற்று.

வேலூர்–காட்பாடி நெரிசலுக்குக் கூகுள் கணக்கு நன்றாகவே பொருந்துகிறது. பாலாற்றுப் பாலத்தில் நெருக்கடி என்றால் சிவப்பு உடனே வரும். ஆனால் அந்தச் சிவப்பு இந்த நிமிஷத்தினுடையது. மாலை ரயிலுக்குப் போகிறவர் மதியம் போட்டுப் பார்த்து நேரம் கணக்கிடக் கூடாது. வழியைக் காட்டிய திரையில் மூன்று புள்ளியைத் தொட்டு, புறப்படும் நேரத்தையோ சேர வேண்டிய நேரத்தையோ கொடுத்தால் வழக்கமான நெரிசலோடு கணக்குச் சொல்லும்.

ஆஃப்லைன் மேப்பை இறக்கும் முறை: வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, ஆஃப்லைன் மேப்ஸ், பிறகு சொந்தமாகப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது. சட்டத்தை மேற்கே வாணியம்பாடி, கிழக்கே அரக்கோணம், வடக்கே சித்தூர், தெற்கே திருவண்ணாமலை வரை இழுங்கள். மலைக்குப் போகிறவருக்கு ஜமுனாமரத்தூரும் அதற்குள் விழ வேண்டும். வைஃபையில் இறக்குவது நல்லது. காலாவதிக்கு 15 நாள் இருக்கும்போது வைஃபை கிடைத்தால் தானாகப் புதுப்பிக்கப் பார்க்கும், மொபைல் டேட்டா மட்டும் வைத்திருப்பவர் கையால் புதுப்பிக்க வேண்டும். ஆஃப்லைனில் கார் வழி மட்டுமே வரும். நடைவழி, நெரிசல், மாற்று வழி எதுவும் வராது.

மலைக்கு ஆர்கானிக் மேப்ஸ்

ஒடுகத்தூருக்கு மேலே பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை, பாலாம்பட்டு பக்கம் போகிறவருக்கு நெரிசல் கணக்கு எதற்கு? ஒற்றையடிப் பாதையும் வண்டிப் பாதையும் தார்ச்சாலையும் வெவ்வேறாகத் தெரிய வேண்டும், டேட்டா இல்லாமல் தெரிய வேண்டும். தன்னார்வலர்கள் வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட ஆர்கானிக் மேப்ஸ் அதைச் செய்கிறது. விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டாம், தமிழ்நாட்டை இறக்கிக்கொண்டால் தேடலும் வழியும் போனுக்குள்ளேயே ஓடும். விட்டுவிட்டு வரைந்த கோடு மண்பாதை. உயரக் கோடுகளையும் இயக்கிவிட்டால் அந்தப் பாதை சரிவில் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்று தெரியும். காரில் போகிறவர் வழித் தேர்வுகளில் மண்சாலையைத் தவிர்க்கச் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்லாமல் விட்டால், ஜவ்வாது மலையில் டிராக்டர் மட்டும் ஏறும் பாதையைக் காருக்குக் காட்டவும் தயங்காது.

பலவீனம் இரண்டு. யாரும் வரையாத குக்கிராமம் வெற்று வெள்ளையாகக் கிடக்கும். சேரும் நேரமும் வெறும் வேகக் கணக்கு, மலை வளைவில் அதைவிட அதிகமாகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓஸ்மண்ட் என்ற செயலியும் இதே வரைபடத்தைக் கொண்டதுதான். போன பாதையைப் பதிவு செய்ய அது மேல், ஆனால் அமைப்புகள் காடு போல இருக்கும், இலவசப் பதிப்பில் எத்தனை மேப் இறக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு.

ஆப்பிள் மேப்ஸ் பார்க்க அழகு, ஐஓஎஸ் 17-லிருந்து ஆஃப்லைனும் உண்டு, கடை தேட மட்டும் அதை நம்பாதீர்கள். ஹியர் வீகோ பழைய நோக்கியா மேப்பின் வழித்தோன்றல், இரண்டாவது ஆஃப்லைன் செயலியாக வைத்துக்கொள்ளலாம். வேஸ் பயனாளர் தரும் தகவலில் உயிர் வாழ்வது, நம் பக்கம் அதற்கு ஆள் போதாது.

போனின் தவறைச் செயலி மேல் போடாதீர்கள்

புள்ளி கிலோமீட்டர் கணக்கில் தள்ளி நின்றால் முதலில் அனுமதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12-க்குப் பிறகு "தோராயமான இடம்" என்று தேர்வாகிவிட்டால் சுமார் 3 சதுர கிலோமீட்டருக்குள் எங்கோ என்றுதான் செயலிக்குத் தெரியும். ஐபோனில் "துல்லியமான இடம்" என்ற பொத்தான் அணைந்திருந்தாலும் அதேதான். பாதி வழியில் புள்ளி உறைந்துபோனால் பேட்டரி சேமிப்பை அணையுங்கள். நின்ற இடத்தில் திசை சுற்றிக்கொண்டே இருந்தால் காந்தம் வைத்த கவரையோ மவுன்ட்டையோ கழற்றுங்கள், போனை எட்டு போடுவதுபோல் காற்றில் சுழற்றுங்கள். வண்டி நகர ஆரம்பித்தால் திசை தானாகச் சரியாகும், திசைகாட்டி கெடுவது நிற்கும்போது மட்டும்தான்.

டேட்டா இல்லாத இடத்தில் போனை ஆன் செய்தால் புள்ளி வரத் தாமதமாகும். ஒரு செயற்கைக்கோள் தன் இருப்பிடத்தைச் சொல்லி முடிக்கவே 30 வினாடி எடுக்கும், நெட் இருந்தால் அதைச் சர்வர் சுருக்கமாகக் கொடுத்துவிடும். அதனால் மலையேறுமுன் அடிவாரத்தில் சிக்னல் இருக்கும்போதே செயலியைத் திறந்து புள்ளியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 வரைதான். முன்கண்ணாடியில் ஒட்டிய போன் சார்ஜ் ஏறிக்கொண்டே வழியும் காட்டினால், திரை மங்கும், சார்ஜ் நிற்கும், கடைசியில் தானே அணையும். ஏசி காற்று வரும் துவாரத்தில் மாட்டும் கிளிப் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்து, குரலை மட்டும் கேட்டுக்கொண்டு போனாலும் சரி. தமிழ்க் குரல் கூகுளில் உண்டு, ஆங்கில எழுத்திலிருந்து ஊர்ப் பெயரைப் படிக்கும்போது சில சமயம் சிரிப்பு வரும், அவ்வளவுதான்.